2.75 லட்சத்துக்குள் பழைய ஹேட்ச்பேக்: கொடுங்கையூர் சந்துக்கு எது சரிப்படும்?

கொடுங்கையூர்க்காரன்

வணக்கம் நண்பர்களே. வாங்கப்போவது முதல் கார். கையில் இருப்பது 2.75 லட்சம். பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், வாங்கியதும் வரும் சில்லறை வேலை எல்லாமே இதற்குள் அடங்க வேண்டும். கடன் வாங்குவதாக இல்லை, வீட்டு லோனே கழுத்தை நெரிக்கிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு தினமும் பைக்கில்தான் போகிறேன், அது மாறாது. கார் அம்மாவுக்காக. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. மாதம் இரண்டு தடவை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்குவதற்குள் கண் கலங்கிவிடுகிறார். அதுபோக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்யாறு பக்கம் ஊருக்கு. மனைவி, ஏழு வயது மகள், அம்மா, நான். மாதம் 400 கிலோமீட்டர் ஓடினால் அதிகம்.

எங்கள் தெரு ஒன்பதடி. ஒரு ஓரம் முழுக்க பைக் நிற்கும். மழை வந்தால் கணுக்கால் தண்ணீர் நிச்சயம்.

இதுவரை பார்த்தவை: 2013 வேகன்ஆர் பெட்ரோல், 2.60 சொல்கிறார்கள். 2014 கிராண்ட் ஐ10 பெட்ரோல், 2.95, பேசினால் குறையுமாம். 2012 ஃபிகோ டீசல், வெறும் 1.40! எனக்கு மூன்றாவதில்தான் மனசு நிற்கிறது. மிச்சப் பணத்தை வேலைக்குப் போட்டுக்கொள்ளலாமே?

மூலக்கடை ஸ்பேனர்

தம்பி, மூன்றாவதை மறந்துவிடு. 22 வருடமாக வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கணக்கைப் பார். 400 கிலோமீட்டருக்கு பெட்ரோல் வண்டி ஊருக்குள் லிட்டருக்கு 15 கொடுத்தால் கிட்டத்தட்ட 27 லிட்டர். டீசல் 18 கொடுத்தால் 22 லிட்டர். சென்னையில் இரண்டுக்கும் லிட்டருக்கு எட்டு ரூபாய்தான் வித்தியாசம். எப்படிப் பெருக்கினாலும் மாதம் 600, 700 ரூபாய்க்கு மேல் மிச்சம் வராது. அந்த இன்ஜினில் நான்கு இன்ஜெக்டர், ஒரு டர்போ, ஒரு டைமிங் பெல்ட் இருக்கிறது. இதில் ஏதாவது ஒன்று மக்கர் பண்ணினால் ஒரு வருட மிச்சம் ஒரே பில்லில் போய்விடும். டீசல் நீட்டி ஓட்டுகிறவனுக்கு. நீ ஸ்டான்லிக்குப் போய் வந்து வண்டியை மூடி வைப்பவன்.

இன்னொன்று. 2012 வண்டிக்கு 2027இல் 15 வருடம் முடிகிறது. ஆர்சியை அடுத்த ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க எஃப்சி (தகுதிச் சோதனை) காட்ட வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். 2022 ஏப்ரலில் இருந்து காருக்குப் புதுப்பிக்கும் கட்டணமே 5,000. விற்கிறவர் இதையெல்லாம் யோசித்துத்தான் 1.40 சொல்லியிருக்கிறார், உன் மேல் பாசத்தில் இல்லை.

ராயபுரம் ஃபிகோ

ஸ்பேனர் அண்ணே, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனாலும் ஃபிகோவை இப்படி ஒரே வெட்டில் வெட்டாதீர்கள். என்னுடையது 2011 பெட்ரோல், மறைமலை நகரில் செய்த நம்ம ஊர் வண்டி. கதவைச் சாத்தும் சத்தத்திலேயே தெரியும். கம்பெனி 2021இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது எல்லோரும் துக்கம் விசாரிக்க வந்தார்கள். இன்றும் பிரேக் பேட், ஃபில்டர், சஸ்பென்ஷன் சாமான் எல்லாம் கிடைக்கிறது. கிடைக்காதது புதுப்பேட்டை பழைய பாகக் கடைகளில் கிடைக்கிறது.

ஆனால் டீசல் வேண்டாம் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

மூலக்கடை ஸ்பேனர்

பேட் கிடைக்கும் அப்பா. ஹெட்லைட் உடைந்தால்? ஏசி கண்ட்ரோல் பேனல் போனால்? நீ புதுப்பேட்டையில் அரை நாள் அலைவாய், உனக்கு அது பொழுதுபோக்கு. இந்தத் தம்பிக்கு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டி வேண்டும். ஷெவர்லே பீட், டாட்சன் கோ எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். விலை குறைவாகத் தெரியும், பாகம் தேடும் வேலை உன் தலையில் விழும்.

எர்ணாவூர் ஆற்றோரம்

எந்த வண்டி என்று பேசிக்கொண்டே போகிறீர்கள். அது எந்தத் தண்ணீரில் நின்ற வண்டி என்று யாரும் கேட்கவில்லையே.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் பக்கம் வெள்ளத்தோடு கச்சா எண்ணெயும் கலந்து வந்தது ஞாபகம் இருக்கும். என் வண்டி சீட் உயரம் தண்ணீரில் இரண்டு நாள் நின்றது. தண்ணீர் இறங்கியபோது கதவின் உள்பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல் கறுப்பாக ஒரு வரி. பழுதுச் செலவு, வண்டிக்குப் போட்டிருந்த காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டம் என்று முடித்துவிடுவார்கள். அப்படித்தான் முடித்தார்கள், பணம் வந்தது, வண்டியை எடுத்துப் போனார்கள். கதை தீர்ந்தது என்று நினைத்தேன்.

நாலைந்து மாதம் கழித்து மச்சானுக்காக ஆன்லைனில் பழைய வண்டி பார்த்துக்கொண்டிருந்தேன். என் வண்டி நிற்கிறது! பின் கண்ணாடியில் என் மகன் ஒட்டிய ஸ்டிக்கரைச் சுரண்டிய தடம் அப்படியே. புது சீட் கவர், புது மேட், பாலிஷ். "மழைத்தண்ணீரே பார்க்காத ஃபேமிலி வண்டி." போன் போட்டேன். பேசியவருக்கு வண்டியைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது.

மச்சானைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே போனேன், ஒரு வீம்புதான். எல்லாவற்றையும் துடைத்து வைத்திருந்தார்கள். டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். வழக்கமாக நாம் போடும் நீளம் வரை சுத்தம். அதற்குக் கீழே, எப்போதும் சுருண்டே கிடக்கும் அந்தக் கடைசி ஒரு முழத்தில், எண்ணெய் ஊறிப்போய் பழுப்பும் கறுப்புமாகக் கறை. மோந்து பார்த்தால் அதே வாடை. நான் ஒன்றும் பேசவில்லை. பெல்ட்டை விட்டேன், அது பாதி போய் மாட்டிக்கொண்டு நின்றது.

கொடுங்கையூர்க்காரன்

அண்ணா, படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. நான் பார்த்த மூன்றிலும் டயரையும் பாடியையும் மட்டும்தான் பார்த்தேன். ஸ்பேனர் அண்ணே, என்னென்ன பார்க்க வேண்டும் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்களேன்.

மூலக்கடை ஸ்பேனர்

சொல்கிறேன். காலையில் போ, அதுவும் சொல்லாமல் கொஞ்சம் முன்னாடியே போ. போனதும் பானட் மேல் கை வை. சூடாக இருந்தால் உனக்காக முன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், "அப்புறம் வருகிறேன்" என்று திரும்பிவிடு. குளிர்ந்த இன்ஜின்தான் உண்மையைப் பேசும். முதல் ஸ்டார்ட்டில் சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பார், காபியில் பால் கலந்த நிறத்தில் கொழகொழவென்று இருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம், அந்த வண்டி வேண்டாம்.

வெள்ளத்துக்கு எர்ணாவூர்காரர் சொன்ன பெல்ட் சோதனை முதல். அப்புறம் சீட்டை முன்னால் தள்ளி அடியில் ஓடும் தண்டவாளத்தைப் பார், துரு இருக்கக் கூடாது. டிக்கி மேட்டைத் தூக்கி ஸ்டெப்னி குழியில் கை விட்டுத் தடவு, வண்டல் ஒட்டும். டாஷ்போர்டு அடியில் ஒயர் சாக்கெட்டில் பச்சைப் பூப்பு பூத்திருந்தால் இந்த ஜென்மத்தில் அந்த வண்டியில் மின்சாரக் கோளாறு தீராது. உள்ளே ஏறியதும் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

நம்ம பக்கத்துக்கென்று இன்னொரு வியாதி உண்டு. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் கடலோரம் நின்ற வண்டிக்கு மேலே பெயின்ட் பளபளக்கும், கீழே உப்புக்காற்று அரித்திருக்கும். ஜாக்கி வைக்கும் இடம், கதவுகளின் கீழ் விளிம்பு, பிரேக் பைப் ஓடும் பாதை. ஒரு ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார். 'டங்' என்றால் தகரம், 'டப்' என்றால் பட்டி பூசி மறைத்தது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்கு நடுவே தினம் ஓடிய வண்டி என்றால் பம்பர், பக்கவாட்டு டிங்கரிங் வேலை கட்டாயம் இருக்கும். அது குற்றமில்லை. பானட்டுக்கு அடியில் இரண்டு பக்க ஏப்ரனிலும் (சக்கரத்துக்கு மேல் உள்ள உள்தகடு) கம்பெனி வெல்டிங் புள்ளிகள் வரிசையாக இருக்கிறதா என்று பார், கையால் பண்ணிய வெல்டிங் தெரிந்தால் பெரிய அடி வாங்கிய வண்டி.

டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம். மீட்டரில் 35 ஆயிரம் காட்டி, நான்கு டயரும் இரண்டாவது செட் என்றால் கேள்வி கேள். மீட்டரை இறக்குவது ஒரு மணி நேர வேலை. ஸ்டியரிங் தோலும் கிளட்ச் பெடல் ரப்பரும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதை இறக்க முடியாது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொன்னால் கடைசியாக எந்தக் கிலோமீட்டரில் வந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்கு மூலக்கடை மேம்பாலத்தில் ஏற்று. மூன்றாவது கியரில் ஏறும்போது இன்ஜின் சத்தம் கூடி வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் போய்விட்டது, விலையில் கழி. ஏசியை மதியம் வெயிலில் வண்டி நிற்கும்போது போட்டுப் பார்.

வண்ணை மலர்

வண்டியைத் தட்டிப் பார்த்தாயிற்று. காகிதத்தை யார் தட்டிப் பார்ப்பது?

ஆறு வருடத்துக்கு முன் ஒரு பழைய கார் கன்சல்டிங்கில் சான்ட்ரோ வாங்கினோம். "பேப்பர் பத்து நாளில் வந்துவிடும் மேடம்" என்றார்கள். முதல் ஓனர் கையெழுத்து மட்டும் போட்ட, தேதி இல்லாத பெயர் மாற்றப் படிவம் 29, 30 இரண்டையும் காட்டினார்கள். நாங்களும் முழுப் பணம் கொடுத்துவிட்டோம். பத்து நாள் மூன்று வருடம் ஆனது. நடுவில் கடை இடம் மாறிவிட்டது. ஒருநாள் முதல் ஓனரே போனில் கத்துகிறார், பெரியவர், சிக்னல் மீறியதற்கெல்லாம் அபராதம் அவர் பெயருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அவர் கத்தியதில் தப்பே இல்லை. ஆர்டிஓ பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து நஷ்டஈடு என்று வந்தால் அவர்தான் பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட்டே 2018இல் சொல்லியிருக்கிறது. கடைசியில் அவரைத் தேடிப் பெரம்பூருக்குப் போய், மன்னிப்புக் கேட்டு, புதிதாகக் கையெழுத்து வாங்கி மாற்றினோம்.

அதனால் தம்பி, பணத்தில் ஒரு பகுதியைப் பெயர் மாறும் வரை பிடித்து வை. மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்குபவருக்கு 30 நாள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஃபைனான்ஸ் நிலுவை இருக்கிறதா என்று பார். இருந்தால் வங்கி என்ஓசியும் (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) கடனை நீக்கும் படிவம் 35உம் இல்லாமல் டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதே. இன்சூரன்ஸை உன் பெயருக்கு மாற்ற 14 நாள்தான் அவகாசம். நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காத வருடங்களுக்கான தள்ளுபடி) பழைய ஓனரோடு போய்விடும், வண்டியோடு வராது. அவருடைய பழைய பாலிசியைக் கேட்டு வாங்கி அந்தக் கட்டத்தைப் பார். பத்து வருடம் ஒரே ஓனர் என்கிறார், போனஸ் பூஜ்யம் என்றால் சமீபத்தில் ஏதோ கிளைம் போயிருக்கலாம்.

டில்லி வண்டி மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் காதைப் பொத்திக்கொள். அங்கே பத்து வருட டீசலுக்கும் 15 வருட பெட்ரோலுக்கும் தடை வந்ததிலிருந்து தெற்கே தள்ளிவிட ஆரம்பித்தார்கள். இங்கே கொண்டுவந்தால் என்ஓசி, மறுபதிவு, நம்ம ஊர் ஆயுள் வரி என்று மலிவெல்லாம் கரைந்துவிடும்.

மாதவரம் புதுசு

எதற்கு இவ்வளவு தலைவலி? 2025 செப்டம்பர் 22இல் இருந்து சின்ன பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 28இல் இருந்து 18 ஆகிவிட்டது. புது ஆல்டோ கே10 ஷோரூம் விலை நான்கு லட்சத்துக்குள்ளேயே தொடங்குகிறது. கொஞ்சம் கடன் போட்டால் உத்தரவாதத்தோடு புது வண்டி.

கொடுங்கையூர்க்காரன்

ஷோரூம் விலை வேறு, ரோட்டுக்கு வரும் விலை வேறு அண்ணா. கடன் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு உபயோகம் உண்டு. புது வண்டி விலையே இறங்கியிருக்கிறது, நீங்கள் மட்டும் பழைய விலை சொல்கிறீர்களே என்று பேரம் பேசப் போகிறேன்.

பெரியார் நகர் தாத்தா

பொதுவாக இங்கே படிப்பதோடு சரி. அம்மாவின் முட்டியைப் பற்றி யாருமே பேசாததால் எழுதுகிறேன். எனக்கும் இரண்டு முட்டியும் போனவைதான்.

முட்டி வலிக்காரருக்கு சீட் உயரம்தான் எல்லாம். ஸ்விஃப்ட், ஐ20 மாதிரி வண்டிகளில் குழிக்குள் இறங்குவதுபோல் உட்கார வேண்டும், எழுந்திருக்க ஆள் வேண்டும். வேகன்ஆரில் நாற்காலியில் உட்காருவதுபோல் பக்கவாட்டில் உட்கார்ந்து காலைத் திருப்பினால் போதும். கூரையும் உயரம், தலை குனிய வேண்டாம். பழைய சான்ட்ரோ ஜிங்கும் அப்படித்தான், ஆனால் 2014 கடைசியோடு நின்றுபோன வண்டி, டைமிங் பெல்ட் வேறு. வேகன்ஆரின் ஒரு லிட்டர் இன்ஜினில் செயின்.

ஒன்பதடித் தெரு என்கிறாய். 2010இல் இருந்து 2018 வரை வந்த வேகன்ஆர் அகலம் ஒன்றரை மீட்டருக்குள். கிராண்ட் ஐ10 1.66, ஃபிகோ 1.68. அந்த ஒரு சாண் வித்தியாசம் உன் தெருவில் பைக் ஹேண்டிலுக்கும் உன் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும். எதை வாங்கினாலும் முதலில் அம்மாவைக் கூட்டிப்போய் உட்காரவைத்து எழுப்பிப் பார் தம்பி.

சேலைவாயல் டியாகோ

எல்லோரும் வேகன்ஆர் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். ஏழு வயதுப் பிள்ளை அதில் உட்காரும் என்பதை மறந்துவிட்டீர்கள். ஏபிஎஸ் (சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காப்பது) எல்லாக் காருக்கும் கட்டாயம் ஆனது 2019 ஏப்ரலில், டிரைவர் ஏர்பேக் அந்த வருடம் ஜூலையில். அதற்கு முந்திய அடிப்படை ரகங்களில் பெரும்பாலும் இரண்டும் கிடையாது. டியாகோ குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 2020இல் பெரியவர்கள் பாதுகாப்புக்கு நான்கு நட்சத்திரமும் குழந்தைகள் பாதுகாப்புக்கு மூன்றும் வாங்கியது. இன்னும் 60 ஆயிரம் சேர்த்து ஆறு மாதம் பொறுத்தால், ஏர்பேக் உள்ள ரகம் ஒன்று கிடைக்கும்.

மூலக்கடை ஸ்பேனர்

நியாயமான பேச்சுதான். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆறு மாதம் அம்மா பொறுப்பாரா என்பதை அவன்தான் சொல்ல வேண்டும்.

கொடுங்கையூர்க்காரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

முதலில் பார்த்த 2013 வேகன்ஆரிடம் திரும்பப் போனேன். ஸ்டெப்னி குழியில் கை விட்டேன், விரலில் சாம்பல் நிறத்தில் சேறு. விற்பவர் "கார் வாஷ் தண்ணீர் சார்" என்றார். வாஷ் தண்ணீரில் சிப்பி எப்படி வரும் என்று கேட்டேன். உண்மையாகவே கட்டை விரல் நகம் அளவு ஒரு சிப்பி! அவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிராண்ட் ஐ10 நல்ல வண்டிதான், அம்மாவுக்கு எழுந்திருக்க முடியவில்லை. தாத்தா சொன்னது சரி.

கடைசியில் பெரம்பூரில், ரயில்வேயில் ரிடையர் ஆன ஒருவரின் 2014 வேகன்ஆர். ஒரே ஓனர், 61 ஆயிரம், டிஎன் 05. ஸ்பேனர் அண்ணன் அவரே வந்தார். கடையை ஒரு மணி நேரம் மூடிவிட்டு வந்தார், பெட்ரோல் காசுகூட வாங்கவில்லை. பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தோம், சுத்தம். இடது பின் கதவில் மட்டும் 'டப்'. ஓனரே முந்திக்கொண்டு சொன்னார், "ஜமாலியாவில் ஆட்டோ இடித்தது." டயர் நான்கும் 2017, அதைக் காட்டி 16 ஆயிரம் குறைத்தோம். புது ஆல்டோ விலையைச் சொல்லி இன்னொரு ஐந்து. 2.55இல் தொடங்கி 2.34இல் முடிந்தது. மலர் அக்கா சொன்னபடி 20 ஆயிரத்தைப் பிடித்து வைத்தேன். பெரியவர் கோபிக்கவில்லை, அவரே வியாசர்பாடி ஆர்டிஓவுக்கு என்னோடு வந்து எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தார். நேற்று என் பெயருக்கு வந்துவிட்டது, மீதியையும் கொடுத்துவிட்டேன்.

ஏர்பேக் இல்லை. டியாகோ அண்ணன் சொன்னது இன்னும் உறுத்துகிறது. மகள் பின் சீட்டில்தான், பெல்ட் போட்டுத்தான் என்று வீட்டில் சட்டம்.

ராயபுரம் ஃபிகோ

வாழ்த்துகள்! எங்கே நிறுத்துகிறாய்?

கொடுங்கையூர்க்காரன்

தெரு முனையில் காலி மனை, ஓனர் மாதம் 800 கேட்கிறார். முதல் ராத்திரியே பெருச்சாளி ஏறிவிட்டது. காலையில் பானட்டைத் திறந்தால் பேட்டரி பக்கத்தில் பாதி கடித்த வடை.

மூலக்கடை ஸ்பேனர்

ஒயரைக் கடித்திருக்கிறதா பார்த்தாயா? ஸ்டார்ட் பண்ணாதே. வடையை எடுத்துப் போட்டுவிட்டு எனக்கு ஒரு போட்டோ அனுப்பு.